ஓரம் வெட்டிய புத்தகம்

சூசையப்பர்பாளையம் பங்குக் கோயிலின் உபதேசியாருக்கு இருக்கிற வேலை கொஞ்சநஞ்சமல்ல. பூசைக்கு மணி அடிக்க வேண்டும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித்தர வேண்டும், சாவு விழுந்தால் முன்னால் போய் நிற்க வேண்டும். தேவானந்தமும் இதையெல்லாம் செய்தார்தான், இல்லையென்று யார் சொன்னார்கள்? ஆனால் மனுஷனின் உயிர் என்னவோ பங்கு ஆபீஸ் பீரோவுக்குள்தான் இருந்தது. நூறு வருஷத்து ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், அடக்கப் புத்தகம் எல்லாம் அதற்குள் அடுக்கியிருந்தன. எவன் எப்போது பிறந்தான், எவளைக் கட்டினான், எந்த நோவில் செத்தான் என்று ஊரின் மொத்தக் கதையும் மூன்று தட்டுக்குள் அடங்கிக் கிடந்தது. பீளமேட்டு மில்லில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்து ரிடையரானவர், பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர், அவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? காலையில் பீரோவைத் திறந்தால், மகள் ஜோவிதா செய்து வைத்துவிட்டுப் போன சோறு சாயங்காலம் வரைக்கும் வீட்டில் ஆறிக் கிடக்கும்.

தொண்ணூற்றாறில் கோயிலுக்கு நூறு வயது. விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பங்குச் சாமியார் கேட்டபோது ஒருத்தர் புதுத் தேர் என்றார், ஒருத்தர் ஊருக்கே விருந்து என்றார். தேவானந்தம் மட்டும் குடும்ப வரலாற்று நாள் என்றார். மாதத்தின் கடைசி ஞாயிறு பூசை முடிந்ததும் மண்டபத்தில் மேஜை போட்டு உட்காருவது, தன் முன்னோர் பேரைத் தேடுகிறவர்கள் யார் வந்தாலும் தேடிக் கொடுப்பது. பழைய ஞானஸ்நானச் சீட்டு, பள்ளிக்கூட டி.சி., மில் அட்டை, கல்லறைக் கல்லில் உள்ள எழுத்து, எது இருந்தாலும் கொண்டு வாருங்கள் என்று நோட்டீஸ் அடித்தார்கள். யார் இதற்கெல்லாம் வரப்போகிறார்கள் என்று சாமியார் மனசுக்குள் சிரித்திருப்பார். ஜனவரியில் முதல் நாளே அறுபது பேர் வந்து நின்றார்கள். ஈரோட்டிலிருந்து வந்தார்கள், பாலக்காட்டிலிருந்துகூட வந்தார்கள்.

வந்தவர்களுக்கெல்லாம் தேவானந்தம் ஒரே பாடத்தைச் சொல்வார். பேரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, ஓரத்தைப் பார்க்க வேண்டும். நம்ம சபையில் ஒருத்தர் எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டாலும், அந்த ஊர்க் கோயிலிலிருந்து அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு ஒரு சீட்டு வரும். இன்ன தேதியில் இன்னாரைக் கட்டினார் என்று இருக்கும். அதை அவருடைய ஞானஸ்நானப் பதிவுக்கு நேராக, தாளின் வெளி ஓரத்தில் குறித்து வைக்க வேண்டும். ஒருத்தன் உலகத்தையே ஏமாற்றலாம், புத்தகத்தின் ஓரத்தை ஏமாற்ற முடியாது என்று அவர் பெருமையடித்துக்கொள்வார். இந்த வாய்தான் பின்னால் அவருக்கு வினையானது.

இந்தத் தேடும் புத்தியால் சொந்த வீட்டில் அவருக்கு நல்ல பேர் இல்லை. ஜோவிதாவுக்கு வயது இருபத்தெட்டு. பீளமேட்டில் ஒரு காலேஜ் ஆபீசில் டைப்பிஸ்ட். முதலில் வந்த மாப்பிள்ளைக்கு எல்லாம் பேசி முடிந்த நேரத்தில், மாப்பிள்ளையின் தாத்தாவுக்கு ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பேரே இல்லை என்பதைக் கண்டுபிடித்து, அதை ஏதோ புதையல் எடுத்த மாதிரி சம்பந்தி வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே சொன்னார். அவர்கள் காபி டம்ளரை வாங்கி வைத்துவிட்டு வாசலைக் காட்டினார்கள். இரண்டாவது இடத்தில், மாப்பிள்ளையின் அம்மா தன் வயதில் ஐந்தை முழுங்கியிருப்பதைக் கூட்டத்தில் வைத்துச் சொல்லித் தொலைத்தார். அதுவும் போயிற்று. ஊரில் அவருக்குக் கல்லறைத் தேவானந்தம் என்று பேர். வாழ்கிறவளை விட்டுவிட்டுச் செத்தவர்களோடு குடித்தனம் நடத்துகிறார் என்று பெண்கள் முகத்துக்கு நேராகவே கேலி செய்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வின்ஸ்டன் வந்தான். ஜனவரிக் கூட்டத்திலேயே வந்தவன். முப்பத்து மூன்று வயது, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் சூப்பர்வைசர், சலவைச் சட்டை, மெதுவான பேச்சு. பிறந்தது இந்தப் பங்கில்தான், சின்ன வயதிலேயே அப்பா அம்மா போனதும் வெளியூர் போய்விட்டேன், வேரைத் தேடி வந்திருக்கிறேன் என்றான். தேவானந்தம் அறுபத்து மூன்றாம் வருஷப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். அவன் அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தேவானந்தத்துக்கு அது பக்தியாகத் தெரிந்தது.

அடுத்த மாதமும் வந்தான். புத்தகமெல்லாம் நைந்து போயிருக்கிறதே, எனக்குத் தெரிந்த பைண்டர் கோயம்புத்தூரில் இருக்கிறார், நானே எடுத்துப்போய்க் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். இப்படிக் கேட்க ஒரு நாதி உண்டா என்று ஏங்கிக் கிடந்த மனுஷன் உருகிப்போனார். ஐந்து புத்தகங்கள் போயின. தவக்காலம் முடிவதற்குள் தோல் முதுகும் பொன்னெழுத்துமாகத் திரும்பி வந்தன. முதுகைத் தடவித் தடவிப் பார்த்து அடுக்கி வைத்தவர், உள்ளே புரட்டியது பழைய நான்கைத்தான். கடைசிப் புத்தகத்தில் இருப்பவர்கள் எல்லாம் உயிரோடு நடமாடுகிறவர்கள். அவர்களை யார் தேடப் போகிறார்கள்? ஓரத்தில் குறிக்க வேண்டிய வெளியூர்ச் சீட்டும் அந்த மாதங்களில் வரவில்லை.

மே மாதம் வின்ஸ்டன் ஜோவிதாவைப் பெண் கேட்டான். நகை கேட்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. சீர் லிஸ்டில் தேவானந்தம் எழுதியிருந்த கேஸ் அடுப்பைக்கூட அவனே பேனாவால் அடித்துவிட்டு, எதுக்குங்க மாமா சிரமம், மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று நானே வாங்கிக்கொள்கிறேன் என்றான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது ஜோவிதா அப்பாவின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தடவ நீங்க எந்தப் புத்தகத்தையும் தொறக்கக் கூடாதுங்கப்பா. எனக்காக. எம்மேல சத்தியம்."

அவர் சத்தியம் செய்தார். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தார், அதுதான் கொடுமை. ஜூலைக் கடைசியில், தான் குடியிருக்கும் பங்கில் காட்ட ஞானஸ்நானச் சீட்டு வேண்டும் என்று வின்ஸ்டன் கேட்டபோது, புத்தகத்தைத் திறக்காமல், தானே தயாரித்து வைத்திருந்த அகரவரிசை நோட்டைப் பார்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தார். அந்த நோட்டில் பேர் உண்டு, தேதி உண்டு, தாய் தகப்பன் உண்டு. ஓரம் கிடையாது. ஊருக்கெல்லாம் ஓரத்தைப் பார் என்று பாடம் சொன்ன மனுஷன், தன் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டில் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் பெண் மாப்பிள்ளை பேரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று கேட்பது வழக்கம். முதல் ஓலை முடிந்தது. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறுதான் குடும்ப வரலாற்று நாளும். மூன்றாவது ஓலை அடுத்த ஞாயிறு, கல்யாணம் அதற்கடுத்த புதன்.

அன்றைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தார். அவருடைய அக்காள் பத்து வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சொல்லாமல் யாரோடோ போய்விட்டாள். அப்பா இருந்தவரைக்கும் அவள் பேரை எடுக்க விடவில்லை. இப்போது அப்பா இல்லை, அக்காள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும் என்றார் அந்த அம்மா. அவள் அறுபத்தைந்தில் இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள்.

தேவானந்தத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. எங்கே கோயிலில் கட்டியிருந்தாலும் ஓரத்தில் ஏறியிருக்கும், கவலைப்படாதீங்கம்மா என்று சொல்லிக் கடைசிப் புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். பேர் இருந்தது. ஓரத்துக்குக் கண்ணை நகர்த்தினார். ஓரம் இல்லை.

முதலில் அவருக்குப் புரியவே இல்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பினார், அதற்கடுத்ததைத் திருப்பினார். ஒவ்வொரு தாளிலும் வெளிப்பக்கத்தில் இரண்டு விரல் அகலம் சீராக வெட்டப்பட்டிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரே ஒரு பெண்ணுக்கு எழுதிய குறிப்பில், முதல் எழுத்தின் கால் மட்டும் தாளில் ஒட்டிக்கொண்டு நின்றது. மற்ற நான்கு புத்தகங்களையும் ஓடிப்போய்ப் பார்த்தார். அவற்றில் ஓரம் அப்படியே இருந்தது. டீச்சரம்மாவிடம் அட்ரஸ் மட்டும் வாங்கிக்கொண்டு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டார். பைண்டர் மேல் அவருக்கு வந்த கோபத்துக்கு, அன்றைக்கு ஞாயிறாக இல்லாமலிருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பார்.

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றார். பைண்டர் சென்னகிருஷ்ணன், பசை ஒட்டிய விரலோடு எழுந்து வந்து, இவர் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"நானா வெட்டலீங்க. அவருதான் கூடவே நின்னு, ஸ்கேல் வெச்சுக் காட்டி, அந்த ஒரு புத்தகத்த மட்டும் இத்தன தள்ளி வெட்டச் சொன்னாரு. எழுத்துப் போகுதுங்களேன்னு கேட்டேனுங்க. அது வேண்டாத எழுத்துன்னு சொல்லிப்போட்டாரு. வெட்டுன துண்டெல்லாம் ஒரு பையில அள்ளி எடுத்துட்டும் போயிட்டாருங்க. குப்பைய எதுக்குங்க ஒருத்தர் எடுத்துட்டுப் போகணும்?"

தேவானந்தத்தின் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பஸ்சில் திரும்பி வரும்போதுதான் விஷயம் விளங்கியது. ஒரு பக்கத்தின் ஓரத்தை மறைக்க ஒரு புத்தகத்தின் ஓரம் முழுவதையும் வெட்டியிருக்கிறான். அந்த ஒரு பக்கம் யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. மகளிடம் சொல்லலாமென்றால் கையில் என்ன இருக்கிறது? ஓரம் இல்லாத ஒரு தாள். மறுபடியும் ஆரம்பித்துவிட்டீர்களா என்றுதான் அவள் கேட்பாள்.

அப்போதுதான் கம்பி ஞாபகம் வந்தது. அவருக்கு முன்னால் இருந்த உபதேசியார் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப் போடாத ஆள். வெளிக் கோயில்களிலிருந்து வரும் கல்யாணச் சீட்டை ஓரத்தில் குறித்த பிறகும், வளைந்த கம்பியொன்றில் குத்திக் குத்திச் சேர்த்து வைப்பார். வின்ஸ்டனுக்குப் புத்தகம் தெரியும், கம்பி தெரியாது. பீரோவுக்குப் பின்னால், மாதா, சூசையப்பர் சுரூபங்கள் வைத்திருந்த மரப்பெட்டிக்குள் மூன்று கம்பிகள் கிடந்தன. செவ்வாய் முழுவதும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டாகக் கழற்றினார். டீச்சரம்மாவின் அக்காள் கிடைத்தாள், சேலத்துப் பக்கம் ஒரு பங்கில். அதைக் கார்டில் எழுதி அன்றைக்கே தபாலில் போட்டார். மத்தியானத்துக்கு மேல் வின்ஸ்டனும் கிடைத்தான். எண்பத்தொன்பதில், மலைமேல் ஒரு எஸ்டேட் பங்கில், பிலோமினாள் என்ற பெண்ணோடு கல்யாணம். அவளுக்கு வயது இருபது.

புதன்கிழமை பொள்ளாச்சி போய் மலை பஸ் ஏறினார். வீட்டில் மறைமாவட்டக் கூட்டம் என்று பொய் சொல்லியிருந்தார். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் அவர் ஜெபித்தது ஒன்றைத்தான். அந்தப் பெண் உயிரோடு இருக்கட்டும் என்று. அப்படியென்றால் அவன் வெறும் பொய்யன், சபைச் சட்டமே கல்யாணத்தை நிறுத்திவிடும், தான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அடக்கப் புத்தகம் வேண்டும் என்றதும், அந்தக் கோயிலின் உபதேசியார் லூர்துசாமி ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். தேடுகிறவனுக்குக் கை தானாகப் போகும் இடம் அது. தொண்ணூற்றொன்று, மார்ச். பிலோமினாள், வின்ஸ்டன் மனைவி, வயது இருபத்திரண்டு. சாவுக்குக் காரணம் என்ற கட்டத்தில், ஸ்டவ் வெடித்துத் தீக்காயம் என்று எழுதியிருந்தது.

தேவானந்தம் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார், எடுக்கவில்லை. லூர்துசாமிதான் பேச்சை எடுத்தார். போலீஸ் வந்தது, எழுதிக்கொண்டு போனது, அவ்வளவுதான் என்றார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இங்க எல்லா ஊட்லயும் வெறகடுப்புதானுங்க. மொத்த லைன் ஊட்லயும் ஸ்டவ் வாங்குனது அவன் ஒருத்தன்தான். வாங்கி மூணே மாசம்."

மனைவி செத்தவன் மறுபடியும் கட்டுவதற்குச் சபையில் தடை இல்லை. மரணச் சீட்டைக் காட்டினால் போதும். ஆனால் அதைக் காட்டினால் எப்படிச் செத்தாள் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வரக் கூடாது என்றுதான் ஒருத்தன் இத்தனை பேருடைய கல்யாணக் குறிப்பையும் வெட்டிப் பையில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான். கீழே இறங்கும் பஸ்சில் தேவானந்தம் இதை நினைத்து நினைத்து வாந்தி எடுத்தார். பக்கத்திலிருந்தவர்கள் மலைப் பாதை ஒத்துக்கொள்ளவில்லை என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள்.

வியாழனும் வெள்ளியும் வாயைத் திறக்கத் தைரியம் வரவில்லை. கோழை என்று சொல்லுங்கள், அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். வீடு முழுக்க சொந்தக்காரப் பெண்கள், தைத்து வந்த ஜாக்கெட், வெல்ல வாசனை. சனிக்கிழமை காலையில் அவர்களெல்லாம் கடைவீதிக்குப் போன பிறகு ஜோவிதாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கம்பியில் இருந்த சீட்டையும், எஸ்டேட் கோயிலில் எழுதி வாங்கிய நகலையும் அவள் முன்னால் வைத்தார். சத்தியத்தை மீறிவிட்டேன் அம்மணி என்றார். அவள் முகம் இறுகியது. படிக்காமலே தள்ளிவிடுவாள் என்று பயந்தார். அவள் முதல் காகிதத்தைப் படித்து மடித்து வைத்தாள். இரண்டாவதைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். எழுந்துபோய் அலமாரியிலிருந்து சீர் லிஸ்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். கேஸ் அடுப்பு என்ற வரி அடிக்கப்பட்டு, அதன் மேலே அவன் கையெழுத்தில் ஸ்டவ் ஒன்று என்று இருந்தது.

"மொதல்ல ஒருத்தி இருந்தான்னு எங்கிட்டச் சொல்லியிருக்காருங்கப்பா. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு, நீங்க தோண்டுவீங்கன்னு. நானும் சரின்னுட்டேன்." இரண்டாவது காகிதத்தை விரலால் தட்டினாள். "காய்ச்சல்ல போயிட்டான்னாருங்க."

வாசலில் பைக் வந்து நின்றது. சொல்லி வைத்த மாதிரி அவனேதான். பின் சீட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். புது வீட்டுச் சாமானோடு சேர்த்து இதையும் வைத்துவிடலாம் என்று வந்தேன் மாமா என்று சிரித்துக்கொண்டே பெட்டியைப் படியில் இறக்கினான். பெட்டியின்மேல் ஸ்டவ் படம் போட்டிருந்தது.

ஜோவிதா வாசற்படியைத் தாண்டவில்லை. "பிலோமினாளுக்கு எத்தன நாள் காய்ச்சலுங்க?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் திடுக்கிடவில்லை. திடுக்கிட்டிருந்தாலாவது மனுஷன் என்று நினைத்திருக்கலாம். கைக்குட்டையை எடுத்துக் கயிற்றுத் தூசியைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல் தேவானந்தத்தைப் பார்த்தான். ஓரத்தை எதற்காக வெட்டினாய் என்று அவர் கேட்டது அவருக்கே கேட்காத குரலில் வந்தது. கல்யாணம் வேண்டாமென்றால் விட்டுவிடலாம் என்று மரியாதையாகச் சொன்னான். எழுதிக் கொடுத்த சீட்டைத் திருப்பிக் கொடு என்றார் இவர்.

"கிழிச்சுப் போட்டுடறேனுங்க மாமா. நீங்களும் இத யாருகிட்டயும் கொண்டு போக வேண்டாம். உங்க கையெழுத்துப் போட்ட சீட்டுத்தானுங்களே அது. ஜோவிதாவுக்கு நின்னு போறது இது மூணாவது. பேரு கெட்டா அம்மணிக்குத்தானுங்க கஷ்டம்."

பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஸ்டவ் படியிலேயே இருந்தது.

மறுநாள் பூசையில் மூன்றாவது ஓலையை வாசிக்கவில்லை. குடும்பத்துக்குள் ஒத்துவரவில்லை என்று மட்டும் தேவானந்தம் சாமியாரிடம் சொன்னார். மறுபடியும் தோண்டிவிட்டார் கல்லறை, பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டார் என்று ஊர் காறித் துப்பியது. இந்தப் பழியைச் சுமப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. மகள் உயிரோடு காலேஜுக்குப் போய் வருகிறாள் அல்லவா!

ஆனால் அந்தச் சீட்டு அவரை விடவில்லை. அது எழுதிய தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குச் செல்லும். எல்லாப் பங்குக்கும் எழுதி எச்சரிக்க வேண்டும் என்று இரண்டு முறை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். எழுதினால் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் ஜோவிதா பேர் வரும். இரண்டு முறையும் தாளைக் கிழித்துப் போட்டார். சீட்டை வாங்கிவிட்டீர்களா என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு, கிழித்துவிட்டான் கண்ணு என்றார். அவன் சொன்னதை நம்ப வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை.

ஜனவரி மாதம், பொங்கல் முடிந்த வாரம், தபால்காரர் ஒரு நீளக் கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஈரோட்டுப் பக்கம் ஒரு பங்கிலிருந்து வந்திருந்தது. தங்கள் பங்கில் ஞானஸ்நானம் பெற்ற வின்ஸ்டன், தாங்கள் அளித்த சான்றின்படி, இங்கே ஜெபராணி, வயது இருபத்து நான்கு, என்பவரை மணந்தார், பதிவேட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளவும். தேதியைப் பார்த்தார். கல்யாணம் நடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஜோவிதா அவர் கையிலிருந்த காகிதத்தைத் தானே வாங்கிப் படித்தாள். அவர் அழுதார். உன் பேருக்காகத்தான் அம்மணி எழுதாமல் இருந்தேன் என்றார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார், அதுவாவது கிடைத்திருந்தால் பரவாயில்லை.

"இது கல்யாணச் சீட்டுத்தானுங்கப்பா," என்றாள். "அடக்கச் சீட்டு இல்ல. சட்டையப் போடுங்க."

கையில் கம்பிச் சீட்டையும் எஸ்டேட் கோயில் நகலையும் சீர் லிஸ்டையும் எடுத்துக்கொண்டாள். ஈரோட்டில் இறங்கும்போது மணி பன்னிரண்டு. அந்தப் பங்குக் கோயிலில் அட்ரஸ் வாங்கினார்கள். மஞ்சள் மண்டிக்குப் பின்னால் ஒரு சந்து, இரண்டு பக்கமும் தறி ஓடும் சத்தம், கடைசி வீடு. கதவைத் தட்டியதும் ஒரு பெண் வந்து திறந்தாள். ஒல்லியானவள். கழுத்தில் புதுத் தாலி, கையில் தீப்பெட்டி.

யாருங்க என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் உள்ளே வரச் சொன்னாள். உங்கள் வீட்டுக்காரருடைய ஊர்க்காரர்கள் என்று தேவானந்தம் தடுமாறிச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சாப்பாட்டுக்கு வருகிற நேரம்தான், அதற்குள் காபி வைத்துவிடுகிறேன், புது ஸ்டவ், பம்ப் அடித்தால் ஒரு நிமிஷத்தில் கொதித்துவிடும் என்றாள். மண்ணெண்ணெய் வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

"வேண்டாங்க," என்றாள் ஜோவிதா. "அதப் பத்த வெக்காதீங்க. நான் ஜோவிதா. போன ஆகஸ்ட்ல உங்க ஊட்டுக்காரரு பேரோட சேர்த்து ரெண்டு ஓலை வாசிச்சது என் பேருதானுங்க. மூணாவது ஓலைய எங்கப்பா நிறுத்திப்போட்டாரு. ஏன்னு உங்களுக்கும் சொல்லியிருக்கணும். எம்பேரு கெட்டுரும்னு சொல்லாம உட்டுட்டோம்."

அவள் காகிதங்களை நீட்டினாள். ஜெபராணி தீப்பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வாங்கினாள். வாசலிலேயே நின்று, உதடு அசைய மெதுவாகப் படித்தாள். அடக்கப் புத்தக நகலுக்கு வந்ததும் உதடு நின்றுவிட்டது. ஒருமுறை அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

சந்து முனையில் ஒரு பைக் சத்தம் கேட்டது. ஜெபராணி ஜோவிதாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தேவானந்தமும் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.